பாலிக்பாயன்: சோடியாய் ஊர் திரும்புவதன் வரலாறு

பிலிப்பைன்ஸ் நாட்டின் சட்டப் புத்தகத்தில் 'வீட்டுக்கு வந்துபோவதற்கு' என்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1989 இல் நிறைவேற்றப்பட்ட குடியரசுச் சட்டம் 6768. வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோ ஒருவர் ஊருக்கு வரும்போது அவரோடு வருகிற வெளிநாட்டுக் கணவனோ மனைவியோ விசா இல்லாமல் ஒரு வருடம் அங்கே தங்கலாம் என்று அது சொல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு பேரும் சேர்ந்து வரவேணும். தனியாக வந்தால் இந்தச் சலுகை இல்லை. இன்னொரு வரியும் உண்டு: கட்டுப்படுத்தப்பட்ட நாடுகளின் பிரசைகளுக்கு இது பொருந்தாது.

சட்டம் இவர்களை 'பாலிக்பாயன்' என்கிறது. தகாலொக் மொழியில் 'பாலிக்' என்றால் திரும்புதல். 'பாயன்' என்ற சொல்லுக்கு ஊர், சனம், நாடு என்று மூன்று அர்த்தமும் உண்டு. எங்கட 'ஊர்' எண்ட சொல்லும் கிட்டத்தட்ட இப்பிடித்தான். யார் வாயிலிருந்து வருகுது, எங்க இருந்து கொண்டு சொல்லுகினம் என்பதைப் பொறுத்து அது ஒரு ஒழுங்கையாகவும் இருக்கும், ஒரு தேசமாகவும் இருக்கும்.

கலியாணம் கட்டின இரண்டு பேர் பெண்ணின் தாய் தகப்பனைப் பார்க்கப் போவது மிகச் சாதாரணமான விசயம். அதற்கு ஏன் ஒரு சட்டம் வேண்டியிருந்தது? இந்தக் கேள்வியோடுதான் நாங்கள் பிலிப்பைன்ஸ் வரலாற்றுக்குள் போனோம். போகப் போக, அந்த நாட்டில் வெளியாள் ஒருவரைக் கட்டியவர்கள் வீட்டு வாசல்படியில் கால் வைக்கும்போதெல்லாம் அந்த வாசலில் வேறு யாரோ காவல் நின்றிருப்பது தெரிந்தது. ஒரு காலம் பாதிரியார், ஒரு காலம் பேரரசு, பிறகு அரசாங்கமும் விமானக் கம்பனியும். இந்தக் கட்டுரை அந்தக் காவல்காரர்களைப் பற்றியது.

ஞானஸ்நானம் எடுத்தால் மாப்பிள்ளை

மணிலாவின் பசிக் ஆற்றங்கரையில் பினோண்டோ என்று ஒரு நகர்ப்பகுதி. 1594 இல் ஸ்பானிய ஆளுநர் லூயிஸ் பெரெஸ் தஸ்மரீஞாஸ் இதைக் கத்தோலிக்கராக மாறிய சீனர்களுக்கென்று ஒதுக்கினார். மதம் மாறாத சீன வியாபாரிகள் 'பரியான்' என்ற வேறொரு குடியிருப்பில், மணிலாக் கோட்டையின் பீரங்கிகள் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மதம் மாறியவர் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டலாம், பினோண்டோவில் குடியிருக்கலாம். அந்தக் கலியாணங்களின் பிள்ளைகளை ஸ்பானியர் 'மெஸ்தீசோ' என்று வகைப்படுத்தி, அதற்கேற்ற வரியும் விதித்தார்கள்.

ஆக முதல் காவல்காரர் திருச்சபை. நீ எந்த ஊர் என்பதைவிட நீ ஞானஸ்நானம் எடுத்தாயா என்பதே பெரிய கேள்வி. இதில் ஒரு வசதியும் இருந்தது, ஒரு பொறியும் இருந்தது. உள்ளே வந்தவர் முழுசாய் உள்ளே வந்துவிடுவார். திரும்பிப் போகும் பாதை மெல்ல அடைபட்டுவிடும்.

இதே கதையின் இன்னொரு வடிவத்தில் எங்கட பக்கத்துச் சனமும் வருகிறது. 1762 இல் ஸ்பெயினோடு யுத்தம் மூண்டதும் பிரித்தானியர் சென்னையிலிருந்து ஒரு படையை மணிலாவுக்கு அனுப்பினார்கள். தளபதி வில்லியம் டிரேப்பர், கடற்படைக்கு சாமுவேல் கோர்னிஷ். அந்தப் படையில் கிழக்கிந்தியக் கம்பனியின் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஒக்டோபரில் மணிலா வீழ்ந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1764 இல் பிரித்தானியர் நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாச் சிப்பாய்களும் கப்பல் ஏறவில்லை. ஒரு பகுதியினர் படையை விட்டு ஓடி, மணிலாவுக்குக் கிழக்கே இருக்கும் கயிந்தா என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் தங்கி, அங்கத்தைய பெண்களைக் கட்டினார்கள். இன்றைக்கும் கயிந்தாவில் தங்களைச் சிப்பாய் வழி வந்தவர்கள் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு.

சென்னையிலிருந்து புறப்பட்ட படை என்பதால் அதில் தமிழ் பேசியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் 'கடல் கடந்த தமிழன்' என்று பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. கம்பனிக் கூலிக்கு வேற ஒருத்தற்ர நாட்டைப் பிடிக்கப் போன ஏழைச் சிப்பாய்கள். போன இடத்தில் கூலியை விட்டுவிட்டுக் குடும்பமாகிப் போனார்கள். கயிந்தாப் பெண் ஒருத்தி தன் சிப்பாய்க் கணவனோடு அவன் தாயைப் பார்க்க ஒரு கிராமத்துக்குப் போவது என்பது நினைத்தும் பார்க்கமுடியாத விசயம். படையை விட்டு ஓடியவன் திரும்பிப் போனால் அவனுக்குக் காத்திருப்பது தண்டனை. சோடியாய் ஊருக்குப் போவது என்ற விசயமே கலியாணத்தோடு முடிந்துபோன கலியாணங்கள் இவை.

றிசாலின் வீட்டுக்கு வந்த ஐரிஷ் பெண்

பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே றிசால். கண் வைத்தியர், நாவலாசிரியர். தகப்பன் வழியில் சீனக் குடியேற்றக்காரர் ஒருவரின் வாரிசு. ஸ்பானிய அரசு அவரை 1892 இல் மின்டனாவோத் தீவிலுள்ள தாப்பித்தானுக்கு நாடு கடத்தியது. 1895 இன் தொடக்கத்தில் ஹொங்கொங்கிலிருந்து கண் பார்வை போன ஒருவர் வைத்தியத்துக்காக அங்கே வந்தார். கூட வந்தவள் அவருடைய வளர்ப்பு மகள் ஜோசபின் பிராக்கன். ஹொங்கொங்கில் பிறந்த ஐரிஷ் பெண், வயது 18. றிசாலும் அவளும் கலியாணம் செய்ய விரும்பினார்கள்.

செய்ய முடியவில்லை. ஸ்பானியர் ஆட்சியில் அவர்களுக்குக் கோயில் கலியாணத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாதிரிமாரை விமர்சித்து எழுதியவற்றை றிசால் பகிரங்கமாக மறுக்கவேணும் என்று திருச்சபை கேட்டது. அவர் மறுக்கவில்லை. பதிவுத் திருமணம் என்பது அந்த நாட்டுக்கு வந்தது பிறகுதான், 1899 டிசெம்பரில், அமெரிக்க இராணுவ ஆட்சியின் ஒரு கட்டளையால்.

எங்களுக்கு முக்கியமாய்ப் பட்டது இதற்கு அடுத்து நடந்தது. 1895 மார்ச்சில் ஜோசபின் மணிலாவுக்குப் போனபோது, றிசால் தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதி அவளை வீட்டில் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார். ஒரு வெளிநாட்டுப் பெண், கலியாணம் ஆகாத நிலையில், காதலனும் பக்கத்தில் இல்லாமல், அவனுடைய குடும்பத்தின் முன் தனியாய் நிற்கிறாள். குடும்பம் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தது. பாதிரிமார் அனுப்பிய உளவாளியோ என்றுகூடச் சகோதரிகள் நினைத்தார்கள். அவர்களிலும் நார்சீசா அவளோடு கொஞ்சம் அன்பாய் இருந்தார். இந்தச் சந்தேகத்தைக் குடும்பத்தின் குறுகிய மனம் என்று மட்டும் பார்ப்பது சரியில்லை. அந்தக் குடும்பத்தைக் காணியிலிருந்து துரத்தியது பாதிரிமார் சபை. மகனை நாடு கடத்தியது அரசு. கண்காணிப்புக்குள் வாழும் வீடு புதிதாய் வரும் ஆளைப் பார்க்கிற கண் அப்பிடித்தான் இருக்கும். யுத்த காலத்தில் எங்கட வீடுகளிலும் அந்தக் கண் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1896 டிசெம்பர் 30 அன்று றிசால் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று விடியற்காலை சிறையிலேயே இருவருக்கும் கலியாணம் நடந்தது என்று திருச்சபை சொல்லியது. வரலாற்றாளர்கள் இன்னும் அதில் வாதாடுகிறார்கள். ஜோசபின் கவித்தேயில் புரட்சிக்காரர் பக்கம் போனாள், பிறகு ஹொங்கொங் திரும்பினாள், மறுமணம் செய்தாள், 1902 இல் இறந்தாள். பாடப்புத்தகங்கள் அவளுக்கு ஒரு பத்தி ஒதுக்கும். அவள் மனைவியா இல்லையா என்ற கேள்வியிலேயே அந்தப் பத்தி முடிந்துவிடும்.

ஒருவழிப் பயணச்சீட்டு

1898 இல் ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது. பிலிப்பினோக்கள் அமெரிக்கப் பிரசைகள் அல்ல, முழு வெளிநாட்டவரும் அல்ல. 'நஷனல்' என்ற இடைப்பட்ட நிலை. அதனால் வேலைக்கு அமெரிக்கா போகத் தடை இருக்கவில்லை. 1906 டிசெம்பரில் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் 15 பேர் போனார்கள். 1920களில் கலிபோர்னியாவின் வயல்களுக்கு ஆயிரக்கணக்கில் போனார்கள். பெரும்பாலும் இளம் ஆண்கள்.

எங்கட மலையகத் தோட்டங்களுக்குக் குடும்பமாய்க் கொண்டுவரப்பட்டவர்களின் கதையோடு இதை வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். கலிபோர்னியாவில் கமக்காரருக்கு அறுவடைக்கு அறுவடை நகரும் தனி ஆண்களே தேவைப்பட்டார்கள். குடும்பம் வேண்டாம். ஆனால் வந்தவர்கள் மனிதர்கள். நடன மண்டபங்களுக்குப் போனார்கள், வெள்ளைப் பெண்களோடு ஆடினார்கள், காதலித்தார்கள். 1930 ஜனவரியில் வொட்சன்வில் என்ற ஊரில் வெள்ளைக் கும்பல்கள் நாட்கணக்காகப் பிலிப்பினோக்களை வேட்டையாடின. பெர்மின் தொபேரா என்ற 22 வயதுத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஊர் திரும்பியது பெட்டிக்குள்.

கலிபோர்னியாச் சட்டம் வெள்ளையருக்கும் 'மொங்கோலியருக்கும்' இடையிலான கலியாணத்தைத் தடை செய்திருந்தது. பிலிப்பினோக்கள் மொங்கோலியர் அல்ல, மலாயர் என்று சல்வடோர் றொல்டான் நீதிமன்றம் போனார். 1933 இல் வென்றார். அதே ஆண்டு சட்டசபை என்ன செய்தது தெரியுமா? தடைப் பட்டியலில் 'மலாயர்' என்ற சொல்லையும் சேர்த்துவிட்டது. அந்தத் தடை 1948 இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றத்தின் பெரெஸ் எதிர் ஷார்ப் தீர்ப்போடுதான் செத்தது.

பிறகு 1934. பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் தருவதாகச் சொன்ன டைடிங்ஸ்-மக்டபி சட்டம், அமெரிக்காவுக்குள் வரக்கூடிய பிலிப்பினோக்களை வருடத்துக்கு 50 பேர் என்று சுருக்கியது. 1935 இல் வந்த சட்டம் இன்னும் நேரடியானது. ஊருக்குப் போக விரும்புகிறவர்களுக்கு அமெரிக்க அரசே கப்பல் கூலி தரும். போனால், அந்த 50 பேருக்குள் இடம் கிடைத்தாலொழிய, திரும்பி வர முடியாது. கிட்டத்தட்ட 2,000 பேர் மட்டும் போனார்கள். மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். வெறுங்கையோடு ஊர் போவதைவிட அங்கேயே வயல் வயலாய் அலைவது மேல் என்று நினைத்தவர்களும் அதில் கனபேர்.

இந்தத் தலைமுறை ஆண்களை 'மனோங்' என்று மரியாதையாய்ச் சொல்வார்கள். இலொக்கானோ மொழியில் அண்ணன். கலியாணம் இல்லாமல், ஊரும் திரும்பாமல் அமெரிக்க நகரங்களின் மலிவு விடுதி அறைகளில் முதுமை கண்டவர்கள் நிறைய. எழுத்தாளர் கார்லோஸ் புலோசான் 1930 இல் போனவர், 1956 இல் சியாட்டிலில் இறந்தார். இடையில் ஒருமுறைகூட ஊர் பார்க்கவில்லை. 1977 ஒகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நஷனல் ஹோட்டலிலிருந்து பொலிசார் வெளியேற்றியவர்களில் பலர் இந்த மனோங்மார்தான்.

யுத்தம் இதில் ஒரு உடைப்பை உண்டாக்கியது. அமெரிக்க இராணுவத்தின் முதலாம் பிலிப்பினோ காலாட்படைப் பிரிவின் ஆண்கள் சீருடையில் இருந்தும் கலிபோர்னியாவில் வெள்ளைக் காதலிகளைக் கட்ட முடியாமல், பஸ் பிடித்து நியூ மெக்சிக்கோவின் கலப் நகரம் வரைக்கும் போய்க் கட்டினார்கள். பிலிப்பைன்ஸில் இறங்கிப் போரிட்டவர்கள் அங்கேயே பெண் எடுத்தார்கள். 1945 இன் யுத்த மணப்பெண்கள் சட்டமும் 1946 இன் குடியுரிமைச் சட்டமும் வந்தபின் நாற்பது வயது தாண்டிய மனோங்மாரும் ஊர் போய்க் கலியாணம் கட்டி மனைவியோடு திரும்பினார்கள். 'ஊருக்குப் போய்வாறது' என்ற சொல்லில் 'வாறது' என்ற பாதி அவர்களுக்கு அப்பதான் கிடைத்தது.

கலியாணத்தோடு போன பிரசாவுரிமை

அங்கே ஆண்களுக்குக் கதவு இப்படியென்றால், நாட்டுக்குள்ளே பெண்களுக்கு வேறு கதவு. 1936 இன் பொதுநலவாயச் சட்டம் 63 ஒரு விசயத்தைச் சொல்லியது: பிலிப்பினோப் பெண் வெளிநாட்டவரைக் கட்டி, கணவனின் நாட்டுச் சட்டத்தால் அவளுக்கு அவன் பிரசாவுரிமை கிடைத்தால், தன் சொந்தப் பிரசாவுரிமையை இழப்பாள். ஆணுக்கு இப்படி ஒரு விதி இல்லை. 1935 அரசியலமைப்பின்படி, வெளிநாட்டுத் தகப்பனுக்கும் பிலிப்பினோத் தாய்க்கும் பிறந்த பிள்ளை பராய வயது வந்தபின் தானாக விண்ணப்பித்தால்தான் பிலிப்பினோ ஆகும்.

இதன் நடைமுறை அர்த்தம் என்ன? தாயைப் பார்க்க வரும் மகள் தாய் பிறந்த மண்ணில் அந்நியப் பெண்ணாய் இறங்குவாள். அவளுடைய பெயரில் காணி வாங்க முடியாது, ஏனெண்டால் காணி பிரசைகளுக்கு மட்டும். 1973 அரசியலமைப்புத்தான் இதை மாற்றியது: கலியாணத்தால் பெண்ணின் பிரசாவுரிமை போகாது, தாய் வழியாகவும் பிள்ளைக்கு அது கிடைக்கும். 1987 அரசியலமைப்பும் அதைத் தொடர்ந்தது. 2003 இல் இரட்டைப் பிரசாவுரிமைச் சட்டம் 9225 வந்தபின், வேறு நாட்டுப் பிரசையாகிப் போனவர்களும் சத்தியம் செய்து பழைய பிரசாவுரிமையை மீளப் பெறலாம்.

சர்வாதிகாரி அனுப்பிய அழைப்பு

1973 என்று சொன்னோம். பெண்ணுக்கு நல்லது செய்த அந்த அரசியலமைப்பைக் கொண்டுவந்தவர் பேர்டினன்ட் மார்க்கோஸ். முந்தின வருடம், 1972 செப்டெம்பரில், இராணுவச் சட்டம் போட்டவர். பத்திரிகைகள் மூடப்பட்டன, எதிராளிகள் சிறைக்குப் போனார்கள். இந்தப் பின்னணியில், இராணுவச் சட்டத்துக்கு ஒரு வயதாகும் நேரத்தில், புதிதாய் உருவான சுற்றுலாத் திணைக்களம் 'பாலிக்பாயன்' திட்டத்தை ஆரம்பித்தது. கழிவு விலையில் விமானச்சீட்டு, வரிச் சலுகை, விசாவில் இலகு. அழைப்பு முக்கியமாக அமெரிக்காவிலிருந்த பிலிப்பினோக்களுக்கு.

ஏன் அவர்களுக்கு? 1965 இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் மாறியபின் தாதிமார், வைத்தியர்கள், பொறியியலாளர்கள் என்று ஒரு புதிய தலைமுறை போய்ச் சேர்ந்திருந்தது. கையில் டொலர் இருந்தது. வந்தால் செலவழிப்பார்கள். அதைவிட முக்கியம், திரும்பிப் போய் 'வீதியெல்லாம் அமைதி, ஒரு பிரச்சினையும் இல்லை' என்று சொல்வார்கள். அம்மாவைப் பார்க்கப் போகும் ஆசையை ஒரு ஆட்சி தன் விளம்பரமாக மாற்றிய விதம் இது. 1935 இல் அமெரிக்கா ஒருவழிச் சீட்டைக் கொடுத்துப் 'போ' என்றது; 1973 இல் மணிலா இருவழிச் சீட்டைக் கொடுத்து 'வந்துவிட்டுப் போ' என்றது. இரண்டிலும் வீடு என்பது அரசின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி.

அடுத்த வருடம், 1974 இன் தொழிற் சட்டக்கோவை, தொழிலாளரை வெளிநாடு அனுப்புவதை அரச கொள்கையாக்கியது. ஒரு கை ஆட்களை அனுப்பியது, மற்றக் கை விடுமுறைக்குக் கூப்பிட்டது.

எல்லாருடைய திரும்புதலும் வரவேற்கப்படவில்லை. சியாட்டிலின் இளம் தொழிற்சங்கவாதி ஜீன் வியெர்னெஸ் 1981 இல் பிலிப்பைன்ஸ் போய் அங்குள்ள தொழிற்சங்கங்களைச் சந்தித்துவிட்டு வந்தார். அதே வருடம் ஜூன் 1 அன்று தோழர் சில்மே டொமிங்கோவோடு சங்க அலுவலகத்தில் சுடப்பட்டார், இருவரும் இறந்தார்கள். பின்னாளில் அமெரிக்க நீதிமன்றமொன்று மார்க்கோஸ் தரப்பை இதற்குப் பொறுப்பாளியாக்கியது. 1983 ஒகஸ்ட் 21 அன்று நினோய் அக்கினோ வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு மணிலாவில் இறங்கினார்; விமானத்திலிருந்து இறக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். இன்று பாலிக்பாயன் சோடிகள் வந்திறங்கும் மணிலா விமானநிலையத்துக்கு அவருடைய பெயர்தான்.

மார்க்கோஸ் 1986 இல் ஓடினார். பாலிக்பாயன் ஓடவில்லை. நினோயின் மனைவி கொறசோன் அக்கினோவின் ஆட்சியில், 1989 இல், அது முறையான சட்டமாகியது. 2002 இல் சட்டம் 9174 அதை விரிவாக்கியது. சர்வாதிகாரியின் உத்தி சனங்களின் வழக்கமாகிப் போனது. 2013 கணக்கில் 1 கோடிக்கு மேற்பட்ட பிலிப்பினோக்கள் வெளிநாட்டில் என்றால், எந்த அரசும் இதைக் கைவிடப் போவதில்லை.

ஒரு கை திறந்தது, மற்றக் கை தடுத்தது

1989 இல் சோடிகளுக்குக் கதவு திறந்த நாடு, அடுத்த வருடம் ஜூனில் சட்டம் 6955 ஐ நிறைவேற்றியது. விளம்பரம், பட்டியல், தபால் மூலம் பிலிப்பினோப் பெண்களை வெளிநாட்டு ஆண்களுக்குப் பொருத்தி வியாபாரம் செய்வது குற்றம். 2016 இல் சட்டம் 10906 அதற்குப் பதிலாக வந்து, இணையத்தையும் சேர்த்து, ஆண்களைப் பொருத்துவதையும் குற்றமாக்கியது.

பின்னணி இல்லாமல் இந்தச் சட்டம் வரவில்லை. 1970களிலும் 80களிலும் அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஜேர்மனி ஆண்களுக்காகப் பெண்களின் படங்கள் அடுக்கிய புத்தகங்கள் விற்கப்பட்டன. ஜப்பானில் யாமகத்தா மாகாணத்தின் அசாஹி என்ற ஊரில் 1985 இல் உள்ளூராட்சியே முன்னின்று, மணப்பெண் கிடைக்காத கமக்காரருக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து பெண் எடுத்துக் கொடுத்தது. கிராமத்துப் பெண்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், வயலும் வயதான மாமியும் மிச்சம். அதைப் பார்க்க ஆள் வேணும்.

ஆனால் இந்த வரலாற்றால் இன்னொரு அநியாயமும் நடந்தது. விருப்பப்பட்டுக் கட்டின பெண்ணும் வெளிநாட்டுக் கணவனோடு ஊரில் நடந்தால் 'காசுக்குப் போனவள்' என்ற பார்வையைச் சுமக்கவேண்டியதாயிற்று. வெளிநாட்டவரைக் கட்டிக் குடியேறப் போகிற ஒவ்வொருவரும், 1980 இல் உருவான வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் ஆணைக்குழுவின் ஆலோசனை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்தால்தான் விமானம் ஏறலாம். பாதுகாப்பா, சந்தேகமா? இரண்டும்தான். அடி உதையில் மாட்டின பெண்ணுக்கு அந்த வகுப்பில் கிடைத்த தொலைபேசி இலக்கம் உயிரைக் காக்கலாம். அதே வகுப்பு ஒரு வளர்ந்த பெண்ணிடம் 'உன்ர தெரிவை நாங்கள் சரிபார்க்க வேணும்' என்றும் சொல்கிறது.

வாசல்படியில்

அரசுகளைப் பற்றிக் கதைத்தது போதும், வீட்டுக்கு வருவோம்.

பிலிப்பினோ வழக்கத்தில் கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போய்க் கேட்பதற்கு 'பமமன்ஹிகான்' என்று பெயர். 'பன்ஹிக்' என்றால் படி ஏறுதல். வீடுகள் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்த காலத்துச் சொல். வெளிநாட்டில் பதிவு செய்துவிட்டு முதல்முறை வரும் சோடிக்கு இந்தப் படியேற்றம் பின்னால் நடக்கிறது. மாப்பிள்ளை பக்கத்துக்கு ஆட்கள் இல்லை. அவன் தனி ஆள். அவன் கையில் இருப்பது 'பசலூபோங்', அதாவது பயணம் போனவர் வீட்டாருக்குக் கொண்டுவரும் சாமான். கூடவே பெட்டி, 'பாலிக்பாயன் பெட்டி': சொக்கலேற், சவர்க்காரம், டின் இறைச்சி, சப்பாத்து. கட்டுநாயக்கவில் இறங்குகிற எங்கட மாமாமாரின் பெட்டியைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2015 இல் சுங்கம் இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கப் போகிறது என்றதும் வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் கொதித்து எழுந்தார்கள். அடுத்த வருடம் வந்த சுங்கச் சட்டம் வரிவிலக்கை 1,50,000 பெசோ வரை உயர்த்தியது.

உள்ளே வந்ததும் மூத்தவர்களின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைக்கவேணும். அதற்கு 'மானோ' என்று பெயர், ஸ்பானியத்தில் கை. அதன்பிறகு யார் யாருக்கு என்ன முறை என்று கற்கவேணும். இங்கேதான் சொற்களுக்குள் வரலாறு கிடக்கிறது. மூத்த அண்ணன் 'குயா', மூத்த அக்கா 'ஆத்தே': இரண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து, பினோண்டோக் கலியாணங்களின் வழி வந்த உலகத்திலிருந்து. மாமா 'தீயோ', மாமி 'தீயா', ஞானத்தகப்பன் 'நீனோங்': ஸ்பானியம் தந்தவை. ஆனால் கலியாணத்தால் வரும் உறவுச் சொற்களைப் பாருங்கள். மாமன் மாமி 'பியெனான்', மருமகன் அல்லது மருமகள் 'மனூகங்', மச்சான் 'பயாவ்', மச்சாள் 'ஹீபாக்'. இவை உள்ளூர்ச் சொற்கள். யார் யாரோ வந்து ஆண்டும், இந்த உறவுகளைச் சொந்த நாக்கால்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களைச் சிரிக்க வைத்த இரண்டு சொற்கள் உண்டு. சோடியின் பெற்றோர் ஒருவரை ஒருவர் கூப்பிடும் முறை 'பாலாயே'. ஆங்கிலத்தில் இதற்குச் சொல் கிடையாது. எங்களுக்கு 'சம்பந்தி' என்று உடனே விளங்கும். சகோதரிகளைக் கட்டிய ஆண்கள் ஒருவருக்கொருவர் 'பிலாஸ்'. எங்கட சகலன். அமெரிக்க மாப்பிள்ளைக்குப் பாதி நாள் எடுக்கும் பாடம் வல்வெட்டித்துறை ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் விளங்கிவிடும்.

இந்த இனிப்புக்குள் கசப்பும் உண்டு. வந்திறங்கிய சோடியிடம் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். தம்பியின் படிப்பு, தகப்பனின் மருந்து, கூரை, ஊருக்கே ஒரு விருந்து. 'உதாங் நா லோஓப்' என்று ஒரு கருத்து அங்கே உண்டு. உள்ளத்தில் பட்ட கடன், காசால் அடைக்க ஏலாதது. அதை அடைக்கிற பாரம் பெரும்பாலும் மகளின் தலையில். கணவன் கட்டிக் கொடுக்கும் வீடு நிற்கும் காணி அவன் பெயரில் இருக்க முடியாது; அரசியலமைப்பு வெளிநாட்டவருக்குக் காணி உரிமை கொடுக்கவில்லை. அவனுக்கு அது நம்பிக்கைப் பிரச்சினை, அவளுக்கு அது ஒருவேளை வாழ்க்கையில் கிடைத்த ஒரே பலம்.

சோடி பிரிந்தால்? முஸ்லிம்களுக்கான சட்டத்தைத் தவிர அந்த நாட்டில் விவாகரத்து இல்லை. 1987 இன் குடும்பச் சட்டம், வெளிநாட்டுத் துணை வெளிநாட்டில் விவாகரத்து எடுத்தால் பிலிப்பினோத் துணையும் மறுமணம் செய்யலாம் என்றது. அதாவது அவன் எடுத்தால் சரி, அவள் எடுத்தால் செல்லாது. 2018 இல்தான் உச்ச நீதிமன்றம் மனாலோ வழக்கில் அவள் எடுத்ததையும் ஏற்றது.

எங்கட பக்கம் திரும்பினால்

'சேர்ந்து வந்தால் மட்டும்' என்ற சட்டத்தின் சொல்லை மறுபடி வாசித்துப் பாருங்கள். மனைவி இறந்துபோன கணவன் மாமியைப் பார்க்கத் தனியே வந்தால் அவன் சுற்றுலாப் பயணி. உறவுமுறையில் அவன் இன்னும் மருமகன். குடும்பம் அவனுக்குச் சோறு போடும். சட்டத்துக்கு அவன் யாரோ. அரசு அங்கீகரிப்பது சேர்ந்து வருகிற இரண்டு கடவுச்சீட்டுகளை. குடும்பம் அதைத் தாண்டியும் உறவை வைத்திருக்கிறது.

எங்கட நாட்டில் 2003 வரைக்கும் வெளிநாட்டுத் தகப்பனுக்குக் கலியாணத்துக்குள் பிறந்த பிள்ளைக்கு இலங்கைத் தாய் வழியாய்ப் பிரசாவுரிமை கிடைக்காது. 2022 ஜனவரியிலிருந்து இலங்கையரை இங்கே கட்ட விரும்பும் வெளிநாட்டவர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை எடுக்கவேணும் என்று பதிவாளர் நாயகம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். அங்கே ஆலோசனை வகுப்பு, இங்கே அப்போது பாதுகாப்பு அமைச்சு.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கட பெடியளும் பெட்டையளும் இப்ப வேற வேற நாட்டுத் துணைகளோடு வருகினம். கோயில் திருவிழாவில் 'இவர் ஆர்?' என்று கேட்கும்போது தாய்மார் ஒரு கணம் சொல் தேடுகிறார்கள். 'மருமகன்' எண்ட சொல் எங்களிட்டை இருக்கு, சம்பந்தி இருக்கு, சகலனும் இருக்கு. பிலிப்பைன்ஸ் வரலாறு எங்களுக்குக் காட்டுவது ஒன்றுதான்: கோயிலும் பேரரசும் அரசாங்கமும் வாசலில் நின்று என்னத்தைக் கேட்டாலும், படி ஏறி வந்தவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதை வீட்டுக்காரர்தான் தீர்மானித்தார்கள். எங்கட வீடுகளில் அந்தச் சொல்லை யாருக்கு உடனே கொடுக்கிறோம், யாருக்குப் பிடித்து வைத்திருக்கிறோம், எந்த நிறத்துக்கு, எந்தச் சமயத்துக்கு, எந்தச் சாதிக்கு? இதை நாங்கள் எங்கட வீடுகளிலேயே கேட்டுப் பார்க்கவேணும்.